ஈரோட்டு மஞ்சளின் நிறத்தைச் செய்யும் நொதிகள்: குழாயில் தெரிவதும் கிழங்கில் நடப்பதும்

ஈரோட்டிலோ பெருந்துறையிலோ கோபியிலோ மஞ்சள் ஏலம் நடக்கிற இடத்தில் வியாபாரிகள் செய்வதைக் கவனித்தால் ஒன்று தெரியும். மாதிரிக்கு வைத்த மஞ்சளில் விரல் போல நீண்ட துண்டு, அதாவது ஒரு விரலியை எடுப்பார்கள், படக்கென்று ஒடிப்பார்கள், ஒடிந்த இடத்தை உற்றுப் பார்ப்பார்கள். பாலிஷ் போட்ட மேல்தோல் எப்படி வேண்டுமானாலும் மின்னும். உள்நிறத்தை அப்படி ஏமாற்ற முடியாது. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, ஈரப்பதம், பருமன், வண்டு அடித்ததா இல்லையா என்று பல கணக்குகள் இருந்தாலும் நிறம் எடுபடாத மஞ்சளுக்கு விலை எடுபடாது. சத்து பிரித்தெடுக்கும் கம்பெனிகள் ஒடித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எத்தனை சதவீதம் என்று லேப் ரிப்போர்ட் கேட்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளில் அது பொதுவாக 2.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7ஐத் தொடும், தாண்டவும் செய்யும்.

இந்த வித்தியாசம் எதனால் என்று கேட்டால் மண், தண்ணீர், உரம், ரகம் என்று பதில் வரும். எல்லாம் சரிதான். ஆனால் மண்ணிலும் உரத்திலும் குர்குமின் கிடையாது. கிழங்கின் செல்லுக்குள் உட்கார்ந்து அதை ஒவ்வொரு படியாகச் செய்வது சில நொதிகள், அதாவது வேதி மாற்றங்களை நடத்துகிற புரதங்கள். மண்ணும் தண்ணீரும் ரகமும் செய்கிற வேலையெல்லாம் கடைசியில் அந்த நொதிகள் வழியாகத்தான் நிறமாகிறது. அந்த நொதிகளைக் கிழங்கிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஆய்வகத்தில் தனியாகத் தயாரித்து, என்ன செய்கின்றன என்று சோதிக்கிற வேலை உலகின் பல இடங்களில் நடந்திருக்கிறது. மஞ்சள் விளைகிற நம் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சு குறைவு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்துவிட்டு அது இன்ன வேலைதான் செய்யும் என்று முடிவு கட்டக் கூடாது. நொதியைத் தயாரித்துச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சோதித்து முடித்த பிறகும், சோதனைக் குழாயில் செய்ததையேதான் செடிக்குள்ளும் செய்கிறது என்று உடனே சொல்லிவிடக் கூடாது. மஞ்சளின் கதையில் இந்த இரண்டு எச்சரிக்கைக்கும் நல்ல சாட்சி இருக்கிறது.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

குர்குமினை மஞ்சளிலிருந்து முதலில் பிரித்தெடுத்தது 1815இல். அதன் வேதி அமைப்பு தெளிவானது 1910இல்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம், நடுவில் ஏழு கார்பன் கொண்ட சங்கிலி. இந்த நீண்ட இரட்டைப் பிணைப்புத் தொடர்தான் ஒளியில் நீலப் பகுதியை விழுங்கி நம் கண்ணுக்கு மஞ்சளைக் காட்டுகிறது.

செடி இதை எதிலிருந்து செய்கிறது? பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. நம் உடம்பிலும் பயிரிலும் பருப்பிலும் இருக்கிற அதே பினைல்அலனின். பி.ஏ.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதி அதை சின்னமிக் அமிலமாக மாற்றுகிறது. அடுத்தடுத்து சில நொதிகள் கை மாற்றி, கூமாரிக் அமில வகையாகவும் ஃபெருலிக் அமில வகையாகவும் ஆக்குகின்றன. கோஎன்சைம்-ஏ என்ற பிடி ஒன்று அதில் ஏறினால் ஃபெருலாயில்-கோஏ கிடைக்கிறது. இது வரைக்கும் மஞ்சளுக்கென்று தனி வழி எதுவும் இல்லை. மரத்துக்கு வலுவைத் தரும் லிக்னினும் இதே பாதையில்தான் வருகிறது.

மஞ்சளுக்கே உரிய இடம் இதற்குப் பிறகுதான். குர்குமின் செய்ய இரண்டு ஃபெருலாயில்-கோஏ வேண்டும், நடுவில் இணைக்க ஒரு மலோனில்-கோஏ வேண்டும். 1973இல் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய பொருள்களைச் செடிக்குக் கொடுத்து, எந்தக் கார்பன் எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். 2006இல் மஞ்சள் கிழங்கை அரைத்தெடுத்த கச்சாச் சாற்றிலேயே குர்குமினைச் செய்யும் திறன் இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சாற்றில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும். வேலை செய்தது எது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதைச் சொன்னது 2009இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹொரினோச்சியின் குழு வெளியிட்ட ஆய்வு. ஒரு நொதி இல்லை, இரண்டு வகை நொதிகள் சேர்ந்து செய்கிற வேலை என்று அவர்கள் காட்டினார்கள். டி.சி.எஸ். என்பது முதல் ஃபெருலாயிலையும் மலோனிலையும் ஒட்டிப் பாதிப் பொருளைச் செய்கிறது. கர்ஸ் என்ற இரண்டாவது நொதி அந்தப் பாதிப் பொருளை வாங்கி, இன்னொரு ஃபெருலாயிலோடு சேர்த்துக் குர்குமினாக முடிக்கிறது. கர்ஸ் மட்டும் தனியாக இருந்தால் விளைச்சல் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால்தான் குர்குமின் நன்றாக வருகிறது.

கர்ஸிலும் மூன்று உண்டு. கர்ஸ்1, கர்ஸ்2 இரண்டும் ஃபெருலாயிலைத்தான் அதிகம் விரும்பி எடுக்கின்றன. கர்ஸ்3 ஃபெருலாயிலையும் எடுக்கும், கூமாரிக் அமிலத்திலிருந்து வரும் கூமாராயிலையும் எடுக்கும். மஞ்சளில் குர்குமின் மட்டும் இருப்பதில்லை; டிமெத்தாக்சி குர்குமின், பிஸ்டிமெத்தாக்சி குர்குமின் என்று அதன் தம்பிகள் இரண்டு பேரும் கூடவே இருக்கிறார்கள். மூன்றும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதில் இந்த நொதிகளின் விருப்பு வெறுப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பாக்டீரியாவுக்கு விடும் கூலி வேலை

இனி நொதியை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம். முதலில் மஞ்சள் வேண்டும், ஆனால் மண்டியில் வாங்கிய மஞ்சள் உதவாது. அறுவடை முடிந்ததும் கிழங்கை வேகவைத்து, களத்தில் காயவைத்து, பாலிஷ் போட்டுத்தான் விற்பனைக்குக் கொண்டு வருகிறோம். வேகவைத்தால் மாவுச்சத்து இளகி நிறம் உள்ளே சீராகப் பரவும், சீக்கிரம் காயும், மறுபடி முளைக்காது. அதே கொதியில் நொதிகள் எல்லாம் உருக்குலைந்து போகும். நொதியின் மரபணுவை எடுக்க நமக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. என்ற அதன் செய்தி நகலும் எதற்கும் ஆகாது. ஆகவே தோட்டத்தில் தோண்டிய உடனே, பச்சை மஞ்சளாகவே, திரவ நைட்ரஜனிலோ நிறைய ஐஸிலோ போட்டு எடுத்து வர வேண்டும்.

மஞ்சள் கிழங்கிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பது எளிதில்லை. மாவுச்சத்தும் பீனால் பொருள்களும் எக்கச்சக்கம். கூழாகிப் பிசுபிசுத்துக் கொண்டு, பழுப்பாகி, ஆர்.என்.ஏ.வைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். இலையில் ஒரு நாளில் முடிகிற வேலை கிழங்கில் பல நாள் இழுக்கும். சி.டி.ஏ.பி. என்ற சோப்பு போன்ற பொருள் போட்ட சூடான கரைசலில் அரைத்து, மாவையும் பீனாலையும் தனியே ஒதுக்கி எடுப்பதுதான் பலரும் போகிற வழி. கிடைத்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. நகலாக மாற்றி, அதில் வேண்டிய மரபணுவை மட்டும் பி.சி.ஆர். மூலம் பெருக்கி, பிளாஸ்மிட் என்ற சின்ன வட்ட டி.என்.ஏ.வில் செருகுகிறார்கள். இப்போதெல்லாம் எழுத்து வரிசை தெரிந்திருந்தால் மரபணுவைச் செயற்கையாகவே செய்து தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. கிழங்கைத் தொடாமலே தொடங்கலாம். மஞ்சளின் முழு மரபணுத் தொகுதியின் வரைவை போபாலில் உள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2021இல் வெளியிட்டதால் எழுத்து வரிசைக்குப் பஞ்சமில்லை.

அந்தப் பிளாஸ்மிட் போய்ச் சேருகிற இடம் ஈ.கோலை பாக்டீரியா. சோமனூர், பல்லடம் பக்கம் தறி வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பாவும் ஊடும் கொடுத்து, டிசைனையும் கொடுத்தால் தறிக்காரர் கூலிக்கு நெய்து தருவார். துணி அவருடையது இல்லை. ஈ.கோலைக்கும் அப்படித்தான். டிசைன் மஞ்சளுடையது, வேலை செய்வது பாக்டீரியா, கிடைக்கிற புரதம் நமக்கு.

பாக்டீரியா வளர்வது மடமடவென்று. 37 டிகிரியில், குலுங்கிக்கொண்டே இருக்கும் குடுவையில், சத்தான கரைசலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கரைசல் ஓரளவு கலங்கியதும், அதாவது 600 நானோமீட்டர் ஒளியில் 0.6 அளவைத் தொட்டதும், ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைச் சிறிதளவு விடுகிறார்கள். இனி மஞ்சளின் புரதத்தைச் செய் என்று பாக்டீரியாவுக்குச் சொல்கிற சமிக்ஞை அது.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. 37 டிகிரியிலேயே விட்டுவிட்டால் பாக்டீரியா புரதத்தை அள்ளிக் குவிக்கும். அளவைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அவசரத்தில் செய்த புரதம் சரியாக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரையாத கட்டிகளாகச் செல்லுக்குள் ஒதுங்கிவிடும். புரதத்தின் வேலை அதன் மடிப்பில்தான் இருக்கிறது. மடியாத நொதிக்கு நிறமி செய்யத் தெரியாது. அதனால் சமிக்ஞை கொடுத்ததும் 16 அல்லது 18 டிகிரிக்கு இறக்கி, இரவு முழுக்க மெல்ல விடுவார்கள். விளைச்சல் குறையும், ஆனால் வேலை செய்கிற புரதம் கிடைக்கும். கோவையில் சித்திரை வெயிலில் குளிரூட்டும் ஷேக்கர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. இரவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்காவிட்டால் அந்த வாரத்து வேலை போச்சு. செடி நொதி ஆராய்ச்சி என்றால் பெரிய பெரிய கருவிகள்தான் நினைவுக்கு வரும். விடாமல் ஒரே குளிரில் வைத்திருப்பதுதான் பாதி வேலை.

காலையில் பாக்டீரியாவைச் சுழற்றி வண்டலாக இறக்கி, ஐஸில் வைத்து ஒலி அலையால் உடைக்க வேண்டும். அதிலிருந்து நம் புரதத்தை மட்டும் பிரிக்க ஒரு சாமர்த்தியம் உண்டு. மரபணுவைச் செருகும்போதே அதன் முனையில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை வால் போலச் சேர்த்துவிடுவார்கள். ஹிஸ்டிடின் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். நிக்கல் ஏற்றிய மணிகள் நிரப்பிய குழாய் வழியாகச் சாற்றை விட்டால், வால் உள்ள புரதம் அங்கேயே தங்கும், மற்றதெல்லாம் கீழே வடிந்துபோகும். பிறகு இமிடசோல் கரைசல் விட்டால் தங்கியது கழன்று வரும்.

கிடைத்தது நம் புரதம்தானா என்று பார்க்க, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். இந்தச் சாயத்தின் பெயர் கூமாசி நீலம்; ஆய்வகத்துக்காகப் பிறந்ததில்லை, கம்பளிக்குச் சாயம் போட வந்த நீலம் இது. சாயப்பட்டறை தெரிந்த திருப்பூர்க்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். கர்ஸ், டி.சி.எஸ். இரண்டும் சுமார் 390 அமினோ அமிலங்கள் நீளமானவை, எடை 43 கிலோடால்டன் அருகில். அந்த இடத்தில் ஒரே ஒரு கெட்டியான நீலக்கோடு தெரிந்தால் நல்லது. ஆனால் கோடு தெரிந்தால் புரதம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி.

மஞ்சள் நிறம் வந்துவிட்டதாலேயே நம்பிவிடலாமா

சோதனைக்கு மூலப்பொருள் வேண்டும். மலோனில்-கோஏ கடையில் கிடைக்கும், விலை அதிகம், கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். ஃபெருலாயில்-கோஏவைப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே செய்துகொள்கிறார்கள். அதற்கும் ஒரு நொதிதான் உதவுகிறது: 4சி.எல். என்பது ஃபெருலிக் அமிலத்தையும் கோஎன்சைம்-ஏவையும் சேர்த்துத் தரும். புகையிலைச் செடியின் 4சி.எல். இதற்கு நெடுநாளாகக் கைகொடுத்து வருகிறது. உருவாகிறதா என்று 345 நானோமீட்டர் பக்கத்தில் ஒளி உறிஞ்சுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆக, ஒரு நொதியைச் சோதிக்க இன்னொரு நொதியைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் தயார். பாஸ்பேட் கரைசலில் டி.சி.எஸ்., கர்ஸ்1, இரண்டு மூலப்பொருள்கள், வெதுவெதுப்பான சூடு. சில நிமிடங்களில் நிறம் தெரியலாம். அந்த நிறத்தைக் கண்டதும் வெற்றி என்று குதிக்கக் கூடாது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதல் காரணம் குர்குமினின் சுபாவம். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு விட்டதும் சிவப்பாகிறதே, அது குர்குமின் காரத்தில் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதால்தான். ஆய்வகத்திலும் கார அமில நிலை கொஞ்சம் மாறினாலே நிறத்தின் அளவு மாறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, நடுநிலையான கரைசலில் குர்குமின் நிற்கவே நிற்காது. 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், 7.2 பி.எச். பாஸ்பேட் கரைசலில் 37 டிகிரியில் வைத்த குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துபோனது. நொதிக்குப் பிடித்த சூழ்நிலை அது செய்கிற பொருளுக்கு ஆகாது! நொதி ஒரு பக்கம் செய்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் கரைசல் அழித்துக்கொண்டே இருக்கும். மெத்தனமாக ஒரு மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல நொதிகூடச் சோம்பேறி போலத் தெரியும். ஆகவே சில நிமிடங்களிலேயே அமிலம் விட்டு வினையை நிறுத்தி, எத்தில் அசிட்டேட்டில் இழுத்து, வெளிச்சம் படாத குப்பியில் வைக்க வேண்டும். வெளிச்சமும் குர்குமினுக்கு ஆகாது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடுவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சளை மட்டும் நம்பித் துணிக்குச் சாயம் போட முடியாததும் இதனால்தான்.

இரண்டாவது, மஞ்சளாக இருப்பதெல்லாம் குர்குமின் இல்லை. 420 முதல் 425 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் குர்குமின் சதவீதம் சொல்வதுதான் வியாபாரத்தில் வெகுநாளாக இருக்கிற வழக்கம். சுலபம், விலை குறைவு. ஆனால் இந்த முறையால் குர்குமினும் அதன் தம்பிகளுமான மூன்று குர்குமினாய்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. மெட்டானில் மஞ்சள் போன்ற கலப்படச் சாயமும் ஏறக்குறைய அதே பகுதியில்தான் ஒளியை உறிஞ்சும். கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டினால்தான் வண்டவாளம் தெரியும். அதன் வழக்கமான பிரிப்புக் குழாயில் முதலில் பிஸ்டிமெத்தாக்சி, அப்புறம் டிமெத்தாக்சி, கடைசியில் குர்குமின் என்று மூன்று சிகரங்களாகப் பிரிந்து வரும். அப்போதும் நேரம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து விட்டுவிடாமல், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடையையும் சரிபார்க்க வேண்டும். குர்குமினின் மூலக்கூறு எடை 368.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: ஒப்பீட்டுக் குழாய்கள். கொதிக்க வைத்துக் கொன்ற நொதியோடு ஒரு குழாய். மரபணு செருகாத வெற்றுப் பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவின் சாற்றோடு ஒன்று. மலோனில் இல்லாமல் ஒன்று, ஃபெருலாயில் இல்லாமல் ஒன்று. கலந்த அந்த நொடியிலேயே நிறுத்திய குழாய் ஒன்று. இவற்றில் எதிலும் குர்குமின் வரக் கூடாது. வந்தால், நாம் பார்த்தது நம் நொதியின் வேலையே இல்லை. இன்னும் ஒரு படி போய், நொதியின் வேலை மையத்தில் இருக்கிற ஒரே ஒரு சிஸ்டீனை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். இந்தக் குடும்பத்து நொதிகளுக்கு உயிர்நாடி சிஸ்டீன், ஹிஸ்டிடின், அஸ்பராஜின் என்ற மூவர் கூட்டணி. சிஸ்டீனை எடுத்துவிட்டால் வினை நிற்க வேண்டும். நின்றால் தைரியமாகப் பேசலாம். கல்லூரி புராஜெக்டுகளில் நேரமில்லை, பணமில்லை என்று முதலில் வெட்டுப்படுவது இந்த ஒப்பீட்டுக் குழாய்கள்தான். அவை இல்லாத முடிவை முடிவென்றே சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வேகக் கணக்கு. மூலப்பொருளைக் குறைத்தும் கூட்டியும் கொடுத்து, எந்த அளவில் நொதி தன் உச்ச வேகத்தில் பாதியைத் தொடுகிறது என்று பார்ப்பது. 1913 முதல் உயிர்வேதியியலில் இருக்கிற கணக்கு இது. இந்த எண் சிறிதாக இருந்தால், மூலப்பொருள் கொஞ்சமாக இருந்தாலும் நொதி பிடித்துக்கொள்ளும் என்று பொருள். கர்ஸ்1 ஃபெருலாயிலை விரும்புகிறது என்று மேலே சொன்னதெல்லாம் இப்படிப் பல மூலப்பொருள்களை மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்து சொன்னதுதான்.

நெல்லில் இருக்கும் மஞ்சள் நொதி

டோக்கியோ குழுவே மஞ்சளுக்கு முன்னால், 2007இல், நெல்லின் மரபணுத் தொகுதியிலிருந்து ஒரு நொதியை எடுத்துச் சோதித்தது. அது சால்கோன் சிந்தேஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்களின் நிறத்துக்கும் இன்னும் பலவற்றுக்கும் வேண்டிய நொதிகள் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன, எழுத்து வரிசையில் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். வரிசையை மட்டும் பார்த்தால் இதுவும் அந்த வேலைகளில் ஒன்றைச் செய்யும் என்றுதான் யாரும் எழுதி வைத்திருப்பார்கள். குழாயில் விட்டுப் பார்த்தால், இரண்டு கூமாராயிலையும் ஒரு மலோனிலையும் தானே பிடித்துத் தானே இணைத்து, பிஸ்டிமெத்தாக்சி குர்குமினைச் செய்தது. மஞ்சளில் இரண்டு நொதிகள் பங்கிட்டுச் செய்கிற வேலையை நெல்லின் நொதி ஒன்றே முடித்துவிட்டது. கஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் நெல்லில் குர்குமின் சேர்ந்திருப்பதாக யாரும் கண்டதில்லை. பவானி, காளிங்கராயன் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்து வயலில் விளைகின்றன. எந்த நெல்லின் அரிசியும் மஞ்சள் கிழங்கின் நிறத்தில் வந்ததில்லை. அப்படியானால் அந்த நொதி நெல்லுக்குள் என்ன செய்கிறது? வேறு மூலப்பொருள் கிடைத்து வேறு எதையோ செய்யலாம். செய்த பொருளை உடனே இன்னொன்றாக மாற்றிவிடலாம். ஏதோ ஒரு நோய் தாக்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளலாம். குழாய்ச் சோதனை அதன் திறமையைக் காட்டியது, அதன் தொழிலைக் காட்டவில்லை.

மஞ்சளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கர்ஸ்1, 2, 3 மூன்றும் குழாயில் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. ஆனால் கிழங்கில் எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எது எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனியே அளந்தால்தான் ஈரோட்டு மஞ்சளின் 3 சதவீதத்தையும் லக்கடாங்கின் 7 சதவீதத்தையும் பற்றி ஏதாவது சொல்ல முடியும். நொதியைவிட, பினைல்அலனினிலிருந்து ஃபெருலாயில் எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதே தடையாக இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த முன்பாதையில் இருக்கும் சில நொதிகள் சவ்வில் ஒட்டியிருப்பவை, பாக்டீரியாவில் தயாரிக்க மறுப்பவை. அவற்றுக்கு ஈஸ்ட் வேண்டும், வேறு முறைகள் வேண்டும். அந்தப் பகுதியைச் சோதித்தவர்கள் குறைவு என்பதால், கிடைத்த நொதியின் மேல் எல்லாப் பழியையும் புகழையும் போட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. அது தவறு.

வயலுக்கு என்ன பயன்

மஞ்சளுக்கு ரக மேம்பாடு என்பது நெல், சோளம் போல இரண்டு ரகங்களைக் கலப்பினம் செய்து எடுக்கும் காரியம் இல்லை. மஞ்சள் மும்மடிய குரோமோசோம் கொண்டது, அதாவது மூன்று தொகுதிகள், மொத்தம் 63. அதனால் விதை பிடிப்பது மிக அரிது. தலைமுறை தலைமுறையாகக் கிழங்கிலிருந்தே நட்டு வருகிறோம். கோழிக்கோட்டில் உள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அரிதாகக் கிடைத்த விதைகளிலிருந்து தேர்ந்தெடுத்துத் தந்த பிரபா, பிரதிபா ரகங்களில் குர்குமின் 6 சதவீதத்துக்கு மேல். நம் பக்கத்தில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையமும் போன வழி வேறு. ஈரோட்டு நாட்டு ரகத்தின் மேல் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, முளைத்து வந்ததில் நல்லதைப் பொறுக்கி எடுத்துத்தான் கோ 1, பி.எஸ்.ஆர். 1 போன்ற ரகங்கள் வந்தன. கதிர் எந்த மரபணுவில் பட்டது என்று அப்போது யாருக்கும் தெரியாது. விளைந்த பிறகு, வேகவைத்து, காயவைத்து, அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். கிட்டத்தட்ட ஒன்பது மாதப் பயிருக்கு அது மிக நீண்ட காத்திருப்பு.

நொதிகள் தெளிவாகத் தெரிந்தால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். செடி சின்னதாக இருக்கும்போதே எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து, நம்பிக்கை இல்லாததைக் கழித்துவிடலாம். இந்தப் பயன் இன்னும் நம் வயலுக்கு வந்து சேரவில்லை. வரும் என்று நம்புவதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது.

இன்னொரு பயத்தையும் பேசிவிடலாம். பாக்டீரியாவே குர்குமின் செய்யுமென்றால் மஞ்சள் விவசாயி என்ன ஆவார்? நெல்லின் கஸ் நொதியை வைத்து டோக்கியோ குழு 2008இல் அதையும் செய்து காட்டியது. ஃபெருலிக் அமிலம் கொடுத்தால், ஒரு லிட்டர் பாக்டீரியாக் கரைசலில் 100 மில்லிகிராம் அளவில் குர்குமின். தவிட்டு எண்ணெய் ஆலையில் மிஞ்சும் பிசினிலிருந்தும், அதைவிடக் குறைவாக, எடுத்தார்கள். காங்கேயம் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் காது கொடுக்க வேண்டிய செய்திதான் இது. கணக்கைப் பார்ப்போம். 3 சதவீதம் குர்குமின் உள்ள ஒரு கிலோ மஞ்சளில் 30 கிராம் இருக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் அதே 30 கிராமுக்கு 300 லிட்டர் கரைசலைக் காய்ச்சி, குளிர்வித்து, வடித்து எடுக்க வேண்டும். அப்புறம் வந்த ஆய்வுகளில் அளவு கூடியிருக்கிறது. இருந்தாலும் மண்ணில் விளைகிற மஞ்சளை அந்த வழியில் விரட்டிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள்தூளில் எண்ணெயும் மணமும் மாவும் சேர்ந்திருக்கின்றன. ஒற்றை மூலக்கூறு அதற்கு ஈடாகாது.

விவசாயிக்கு உண்மையான போட்டி வேறு பக்கத்திலிருந்து வருகிறது: பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வேதிமுறையில் செய்த குர்குமின், இயற்கை என்ற பெயரில் விற்கப்படுவது. எச்.பி.எல்.சி.யில் இரண்டின் குர்குமினும் ஒன்றுபோலவே தெரியும். பிடிப்பதற்கு வழி கார்பன்-14. உயிருள்ள செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனில் அது இருக்கும், கோடிக்கணக்கான ஆண்டு பழைய பெட்ரோலியத்தில் இருக்காது. நொதியால், பாக்டீரியாவில் செய்த குர்குமின் இந்தச் சோதனையில் இயற்கையாகவே தெரியும், ஏனென்றால் அது தின்றதும் செடியின் சர்க்கரையைத்தான். அப்படியான சரக்கு சந்தைக்கு வரும் நாளில் லேபிளில் என்ன எழுத வேண்டும் என்ற விதியை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

நம் ஊர்க் கல்லூரிகளில் பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டி.சி.எஸ்., கர்ஸ் எல்லாம் செய்யப் பணமும் கடுங்குளிர்ப் பெட்டியும் வேண்டும். பி.ஏ.எல். சோதனைக்கு அவ்வளவு வேண்டாம். பச்சை மஞ்சளின் இலையையோ கிழங்கையோ குளிர்ந்த கல்வத்தில், பீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூள் போட்டு அரைத்து, சுழற்றித் தெளிந்த சாற்றை எடுத்து, பினைல்அலனின் கொடுத்து, 290 நானோமீட்டரில் சின்னமிக் அமிலம் ஏறுவதைப் பார்த்தால் போதும். யூ.வி. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இல்லாத பயோடெக் துறை அரிது. கிழங்கில் செய்யும்போது கிழங்கின் சொந்த மஞ்சளே அளவைக் கெடுக்கும். அதனால் பினைல்அலனின் சேர்க்காத குழாய் ஒன்றையும், கொதிக்க வைத்த சாற்றுக் குழாய் ஒன்றையும் கட்டாயம் பக்கத்தில் வைத்து, அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அளவைச் சொல்ல வேண்டும். ஒரே விதை மஞ்சளைப் பவானிசாகரிலும் தாளவாடியிலும் கொடுமுடியிலும் நட்டு, ஆடி முதல் தை வரை மாதம் ஒரு முறை இதை அளந்து, அறுவடையில் அதே செடிகளின் குர்குமினை எச்.பி.எல்.சி.யில் பார்த்தால், நிறம் எந்த மாதத்தில் எந்த மண்ணில் வேகம் எடுக்கிறது என்பதற்கு முதல் தடம் கிடைக்கும். மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்குப் போவதற்கு முன்னால், மாதிரியை வயலிலேயே எடுத்து ஐஸில் போட வேண்டும்.